'இசையில் இன்று': ஒரு தேதிக்குள் என்ன இருக்கிறது?

குன்னூரிலிருந்து கோத்தகிரி செல்லும் சாலையில் உள்ள எங்கள் ஊர்ப்புற நூலகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. சென்ற ஆண்டு முதல் அதில் 'இசையில் இன்று' என்ற தலைப்பின் கீழ் நாள்தோறும் நான்கைந்து வரிகள் எழுதப்படுகின்றன. எழுதுபவர்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. எளிய வேலை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். இரண்டே வாரங்களில், ஒரு தேதியைச் சரியாக எழுதுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது புரிந்துவிட்டது. இத்தகைய குறிப்புகளை வாசிக்கவும் எழுதவும் புதிதாகத் தொடங்குவோருக்காக, அங்கே கற்றுக்கொண்டதை இங்கே விளக்க முயல்கிறேன்.

கருத்து மிகவும் சுருக்கமானது. ஆண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மாதத்தையும் நாளையும் மட்டும் எடுத்துக்கொள்வது. அந்த நாளில் வெவ்வேறு ஆண்டுகளில் இசை உலகில் நிகழ்ந்தவற்றை ஓரிடத்தில் வரிசைப்படுத்துவது. வழக்கமான வரலாறு ஓர் ஆற்றைப் போல மேலிருந்து கீழே ஓடுகிறது என்றால், இது அந்த ஆற்றைக் குறுக்கே ஓரிடத்தில் வெட்டிப் பார்ப்பது. வெட்டிய இடத்தில் நியூயார்க்கும் கோடம்பாக்கமும் அருகருகே வந்து நிற்கும். அவற்றுக்குள் எந்த உறவும் இல்லாமல் இருக்கலாம். சில வேளைகளில் எதிர்பாராத உறவு இருப்பதும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்த்தால் விளங்கும். ஆகஸ்ட் 15-ஐ எடுத்துக்கொள்வோம்.

1965-ஆம் ஆண்டு அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் உள்ள ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினார்கள். கூடியிருந்தவர்கள் ஏறத்தாழ 55,600 பேர். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பாடல்கள், அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால், பேஸ்பால் ஆட்டத்துக்கென்று கட்டப்பட்ட ஓர் அரங்கை ஒரு பாட்டுக் குழு நிரப்பிவிட முடியும் என்பதை உலகம் அன்று பார்த்தது. ரசிகர்களின் கூச்சல் எவ்வளவு ஓங்கியிருந்ததென்றால், மேடையில் நின்றவர்களுக்குத் தங்கள் வாத்தியங்களின் ஒலியே சரியாகக் கேட்கவில்லை. அவர்களுக்கென்று கொண்டுவரப்பட்டிருந்த 100 வாட் ஒலிபெருக்கிகள் போதவில்லை. பாடகர்களின் குரல், ஆட்ட அறிவிப்புகளுக்காக அரங்கில் பொருத்தப்பட்டிருந்த குழாய் ஒலிபெருக்கிகளின் வழியாகவே பார்வையாளர்களை அடைந்தது. இன்று ஒரு திடல் கச்சேரிக்கு லாரி லாரியாக ஒலிக்கருவிகள் வந்து இறங்குகின்றன அல்லவா? அந்தத் தேவை முதன்முதலில் பெரிய அளவில் உணரப்பட்ட மேடைகளில் இது ஒன்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1969-இல், அதே நாள் வெள்ளிக்கிழமையாக வந்தது. நியூயார்க் மாநிலத்தின் பெத்தெல் என்னும் ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலத்தில், உட்ஸ்டாக் இசைவிழா தொடங்கியது. பெயர் உட்ஸ்டாக் என்றாலும் அந்தப் பெயருடைய ஊர் அங்கிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். சாலைகள் முற்றிலும் அடைபட்டுப்போனதால் முதலில் பாட வேண்டியவர்கள் வந்து சேரவில்லை. வந்திருந்த பாடகர் ரிச்சி ஹேவன்ஸ் மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னர் மேடையேற்றப்பட்டார். கைவசம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோன நிலையில், பழைய ஆன்மிகப் பாடல் ஒன்றைப் பற்றிக்கொண்டு, விடுதலை என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அங்கேயே ஒரு பாட்டை உருவாக்கினார். அந்தப் பாட்டு எப்போது பிறந்தது என்று கேட்டால் நாளையும் இடத்தையும் ஐயமின்றிச் சொல்லலாம். பாடல்களின் வரலாற்றில் இவ்வளவு துல்லியம் வாய்ப்பது அரிது.

அதே மாலையில் அந்த மேடையில் காவியுடை அணிந்த ஒருவர் அமர்ந்து, கூட்டத்தினரிடம் அமைதியைப் பற்றியும் ஒலியின் ஆற்றலைப் பற்றியும் பேசினார். அவர் சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்தவர். எங்கள் மலையில் ஏறி நின்றால் கீழே விரியும் சமவெளியில் அந்த ஊர் இருக்கிறது. இதைச் சொன்னபோது மாணவர்களின் முகத்தில் தோன்றிய வியப்பை நான் மறக்கமாட்டேன். பல குறிப்புகள் அவர் பேச்சோடுதான் விழா தொடங்கியதாக எழுதுகின்றன. நிகழ்ச்சி வரிசையைப் பார்த்தால் ஹேவன்ஸ் பாடி முடித்த பிறகே அவர் பேசியிருக்கிறார். 'தொடக்க உரை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வரிசை சற்று வேறு. அன்றிரவு ரவிசங்கர் சிதார் வாசிக்கும்போது மழை பெய்தது.

1992-இல் ஆகஸ்ட் 15 ஒரு சனிக்கிழமை. மணிரத்னம் இயக்கிய 'ரோஜா' அன்று திரைக்கு வந்தது. இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரஹ்மானுக்கு அதுவே முதல் தமிழ்த் திரைப்படம், அப்போது அவருக்கு வயது 25. மின்மினி பாடிய 'சின்னச் சின்ன ஆசை'க்காக வைரமுத்துவுக்கும், படத்தின் இசைக்காக ரஹ்மானுக்கும் தேசிய விருது கிடைத்தது. 2005-இல் டைம் இதழ் எல்லாக் காலத்துக்கும் சிறந்த பத்துத் திரைப்பட இசைத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்தபோது அதில் 'ரோஜா'வும் இடம்பெற்றது. எங்களுக்கு இதில் இன்னொரு உரிமையும் உண்டு. காஷ்மீரில் படம்பிடிக்க அன்றைய சூழல் இடம் தராததால், கதையின் காஷ்மீர்ப் பகுதிகளில் பலவற்றைக் குன்னூர், ஊட்டி, மணாலி ஆகிய இடங்களில் எடுத்தார்கள். காஷ்மீர் என்று நாடு நம்பிய மரங்களிலும் பனிமூட்டத்திலும் எங்கள் ஊரின் பங்கும் இருக்கிறது.

இப்போது இந்த மூன்று நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஷே அரங்கின் தேதி, ஏற்கெனவே இருந்த பாடல்கள் மேடையேறிய நாளைக் குறிக்கிறது. ஹேவன்ஸின் தேதி, ஒரு பாட்டு பிறந்த நாளைக் குறிக்கிறது. 'ரோஜா'வின் தேதி, ஒரு திரைப்படம் வெளியான நாளைக் குறிக்கிறது. மூன்றும் 'ஆகஸ்ட் 15' என்ற ஒரே முத்திரையைத் தாங்கியிருந்தாலும், மூன்றும் மூன்று வகையான தேதிகள். 'இசையில் இன்று' என்னும் கருத்தை விளங்கிக்கொள்ள விரும்பும் எவரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டையே. தேதி என்பது வெறும் எண். அது எந்தச் செயலின் தேதி என்று சொல்லப்படும்போதுதான் அந்த எண்ணுக்குப் பொருள் வருகிறது.

திரையிசையில் இது மிகவும் முக்கியம், ஏனெனில் ஒரு பாட்டுக்குப் பல தேதிகள் இருக்கின்றன: மெட்டமைத்த நாள், ஒலிப்பதிவு செய்த நாள், இசைத்தட்டோ ஒலிநாடாவோ கடைக்கு வந்த நாள், வானொலியில் முதலில் ஒலித்த நாள், தணிக்கைச் சான்றிதழ் வழங்கப்பட்ட நாள், படம் திரைக்கு வந்த நாள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் பாட்டு முன்னே வரும். படம் பின்னே வரும். ஆகவே 'இந்தப் பாட்டு வெளியான நாள்' என்று ஒருவர் எழுதினால், அவர் கொடுத்திருப்பது பாட்டின் தேதியா, படத்தின் தேதியா என்று கேட்கத்தான் வேண்டும். பெரும்பாலும் அது படத்தின் தேதியாகவே இருக்கும். காரணம், படம் வெளியான நாளுக்கு நாளிதழ் விளம்பரம் என்ற சான்று எஞ்சியிருக்கிறது, ஒலிநாடாவின் உறையிலோ பெரும்பாலும் ஆண்டு மட்டுமே அச்சாகியிருக்கிறது. எங்கள் மாணவர் ஒருவர் படத்தின் தொடக்கத்தில் தோன்றும் தணிக்கைச் சான்றிதழில் இருந்த தேதியை வெளியீட்டுத் தேதியாக எழுதி வந்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணால் பார்த்த சான்று அது. ஆனால் அது படத்தைத் திரையிடலாம் என்று ஒப்புதல் தந்த நாள். மக்கள் பார்த்த நாள் வேறு. மலையில் இருப்பவர்களுக்கு அதுவும் வேறுதான். அந்நாளில் புதிய படம் மேட்டுப்பாளையம் தாண்டி மேலே வருவதற்குச் சில வாரங்கள் ஆகும். பாட்டு மட்டும் பேருந்து ஓட்டுநரின் ஒலிநாடாவில் முன்னமே ஏறி வந்துவிட்டிருக்கும்.

அடுத்த சிக்கல் நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. உட்ஸ்டாக் விழாவின் சுவரொட்டிகள் ஆகஸ்ட் 15, 16, 17 என்று அறிவித்தன. ஆனால் மழையாலும் தாமதத்தாலும் நிகழ்ச்சிகள் நள்ளிரவைத் தாண்டிக்கொண்டே போயின. முதல் நாளின் கடைசிப் பாடகியான ஜோன் பாயஸ் மேடையேறியபோது நாள்காட்டி 16-க்கு மாறிவிட்டிருந்தது. விழாவை முடித்து வைத்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், அமெரிக்க நாட்டுப்பண்ணைத் தம் மின்கித்தாரில் வாசித்த புகழ்பெற்ற நிகழ்வு, 18-ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் நடந்தது; சுவரொட்டியில் இல்லாத ஒரு நாள் அது. சுவரொட்டியை மட்டும் பார்த்து எழுதுபவர் இதை 17-இல் வைப்பார். அங்கே இருந்தவர் 18-இல் வைப்பார். அறிவிக்கப்பட்ட தேதிக்கும் நிகழ்ந்த தேதிக்கும் இடையே எப்போதும் ஒரு சந்து இருக்கிறது, பிழைகளில் பாதி அந்தச் சந்தின் வழியாகத்தான் நுழைகின்றன.

சில பிழைகள் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்துவிடுகின்றன. ஒலியைப் பதிவுசெய்து மீண்டும் ஒலிக்கச் செய்த ஃபோனோகிராஃப் கருவியைத் தாமஸ் எடிசன் 1877 ஆகஸ்ட் 12-இல் உருவாக்கினார் என்று மிக நீண்ட காலம் எழுதப்பட்டு வந்தது. எடிசன் தம் தொழிற்கூடத்தில் பணியாற்றிய ஜான் க்ரூசியிடம் 'இதைச் செய்' என்று கொடுத்ததாகக் கருதப்பட்ட ஒரு வரைபடத்தில் அந்தத் தேதி இருந்ததே அதற்கு அடிப்படை. பின்னர் ஆராய்ந்தவர்கள், அந்த எழுத்து பல ஆண்டுகள் கழித்துச் சேர்க்கப்பட்டது என்றும், கருவி உண்மையில் செய்யப்பட்டது அவ்வாண்டு டிசம்பர் முதல் வாரத்தில் என்றும் கண்டார்கள். காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்தது டிசம்பர் 24. அது வழங்கப்பட்டது 1878 பிப்ரவரி 19. ஆகஸ்டிலேயே இயங்கும் கருவி கையில் இருந்திருந்தால் ஒருவர் நான்கு மாதங்கள் காத்திருந்து விண்ணப்பிப்பாரா என்ற எளிய கேள்வியே ஐயத்தை எழுப்பப் போதுமானது. இத்தகைய கேள்வி ஒன்றைக் கேட்கும் பழக்கம், நூறு தேதிகளை மனப்பாடம் செய்வதைவிட மேலானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் மண்ணுக்கென்று இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நாம் பிறப்பை நட்சத்திரத்தாலும் இறப்பைத் திதியாலும் நினைவுகூர்ந்தவர்கள். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6 என்று ஆங்கில நாள்காட்டி சொல்கிறது. திருவையாற்றில் ஆராதனை நடப்பதோ புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாளான புஷ்ய பகுள பஞ்சமியில். அது ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு ஆங்கிலத் தேதியில் வரும். ஆகவே 'இசையில் இன்று' பலகையில் தியாகராஜரை ஜனவரி 6-இல் எழுதுவதா, ஆராதனை நாளில் எழுதுவதா? இரண்டும் சரியே, ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதை எழுத வேண்டும். நாங்கள் ஜனவரி 6-இல் அவர் பெயரை எழுதி, அதன் கீழே 1967-இல் அதே நாளில் பிறந்த ஏ.ஆர்.ரஹ்மானின் பெயரையும் எழுதுகிறோம்.

பிறந்தநாள்களும் அவ்வளவு எளியவை அல்ல. இளையராஜா பிறந்தது ஜூன் 3. அது கலைஞர் மு.கருணாநிதியின் பிறந்தநாளும் ஆகையால், தமக்கு 'இசைஞானி' என்று பட்டம் தந்தவரின் நாளை விட்டுக்கொடுத்து, தம் பிறந்தநாளை ஜூன் 2-க்கு மாற்றிக்கொண்டார். இங்கே பிறந்த தேதி ஒன்று, கொண்டாடும் தேதி மற்றொன்று. பின்னதிலும் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. எங்கள் தோட்டப் பகுதிகளில் இது யாருக்கும் வியப்பைத் தராது. மூத்தவர்கள் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதிக்கொண்ட தேதிதான். அவர்களிடம் ஒரு பாட்டை எப்போது கேட்டீர்கள் என்று கேட்டால், 'பெரிய மழைக்கு முந்தின வருஷம்' என்பார்கள். 2009 நவம்பரில் இந்த மலையில் மண்சரிந்து பலர் உயிரிழந்ததை அறிந்தவர்களுக்கு, அதுவும் ஒரு நாள்காட்டிதான் என்பது புரியும்.

ஒரே நாளில் இருவர் பிறந்திருப்பதைக் காணும்போது மனம் ஏதோ ஓர் இழையைத் தேடத் தொடங்கிவிடுகிறது. கண்ணதாசன் 1927 ஜூன் 24-இல் பிறந்தார், எம்.எஸ்.விஸ்வநாதன் 1928 ஜூன் 24-இல் பிறந்தார். ஒருவர் செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டியில், மற்றவர் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில். சொல்லும் மெட்டுமாகச் சேர்ந்து வாழ்ந்த இருவருக்கும் ஒரே பிறந்தநாள் என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. எனக்கும் அதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே அவர்களில் யாரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 23 பேருக்குள் 253 இணைகளை அமைக்க முடியும் என்பதே அதற்குக் காரணம். திரையிசையில் பெயர் பெற்றவர்களோ நூற்றுக்கணக்கானவர்கள். பொருத்தங்கள் கட்டாயம் தென்படும். ஆகவே பொருத்தத்தை ரசிக்கலாம், அதைக் காரணமாக்கக் கூடாது.

அதே வேளையில், எல்லாப் பொருத்தங்களும் தற்செயல் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆகஸ்ட் 15-இல் இந்தியப் படங்கள் வெளியாவதற்குக் காரணம் வெளிப்படை: அது நாடு முழுவதற்கும் விடுமுறை. 1975-இல் ஆர்.டி.பர்மன் இசையமைத்த இந்திப் படமான 'ஷோலே' வெளியானதும் அதே நாளில்தான். அதற்கும் முன்பே தமிழ்ப் படங்கள் தீபாவளியைப் பற்றிக்கொண்டிருந்தன. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 அக்டோபர் 16-இல், தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அங்கேயும் பாருங்கள், தீபாவளி ஆண்டுதோறும் தேதி மாறும். ஆகவே 'அக்டோபர் 16' என்று மட்டும் எழுதினால் அந்த வெளியீட்டின் காரணம் மறைந்துவிடுகிறது, 'தீபாவளி' என்று சேர்த்து எழுதினால் விளங்குகிறது.

நியூயார்க்கில் ஆகஸ்ட் நடுப்பகுதியில் திறந்தவெளிக் கச்சேரிகள் மிகுவதற்கும் காரணம் உண்டு. அங்கே அது கோடை. பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை. அதே ஆகஸ்டில் இங்கே தென்மேற்குப் பருவமழை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கொட்டும். குன்னூரில் தூறலும் மூடுபனியுமாக இருக்கும். இங்கே திறந்தவெளியில் இசை வைக்க வேண்டுமென்றால் மே மாதம்தான் ஏற்றது. உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சி நடக்கும் அந்தக் கோடை விழா நாள்களில்தான் மேடைகள் எழும். வானிலையும் விடுமுறையும் சேர்ந்து சில தேதிகளை இசை நிகழ்வுகளால் நிரப்புகின்றன, சிலவற்றை வெறுமையாக விடுகின்றன. ஒரு நாளில் நிகழ்வுகள் ஏன் குவிந்திருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலும் விடை இசைக்கு வெளியே இருக்கும்.

இந்த முறையின் மிகப்பெரிய குறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யாரோ ஒருவர் குறித்து வைத்திருந்தால் மட்டுமே ஒரு நிகழ்வு இந்தப் பட்டியலுக்குள் வரும். இசைத்தட்டு நிறுவனமும் நாளிதழும் திரையரங்கும் இருந்த இடங்களின் இசை நாள்கணக்கில் பதிவாகியிருக்கிறது. தோடர்களின் பாடல்களோ, ஹெத்தையம்மன் திருவிழாவில் படுகர்கள் ஆடிப்பாடும் பாடல்களோ எந்த நாளில் முதலில் பாடப்பட்டன என்பதற்குக் குறிப்பு இல்லை. அவற்றுக்குப் பருவமும் சடங்கும் உண்டு, தேதி இல்லை. எங்கள் பலகையில் மூன்று மாதங்கள் வரை நீலகிரியின் சொந்தப் பாட்டு ஒன்றுகூட இடம்பெறவில்லை என்பதைப் படுகர் வீட்டுப் பெண் ஒருத்திதான் சுட்டிக்காட்டினாள். அவள் கேட்டது எனக்கு வலித்தது, ஏனெனில் அது உண்மை. அன்று முதல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம். மாணவர்கள் தங்கள் வீட்டு மூத்தவரிடம் ஒரு பாட்டைக் கேட்டுக் கைப்பேசியில் பதிவுசெய்கிறார்கள். பாடியவரின் ஊர், பதிவு செய்த நாள், பாட்டு பாடப்படும் சந்தர்ப்பம் ஆகிய மூன்றையும் எழுதுகிறார்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் அது பலகைக்கு வரும். 'பாட்டு பிறந்த நாள்' என்று எழுதுவதில்லை; 'பதிவான நாள்' என்று எழுதுகிறோம்.

தொடங்க விரும்புவோர் தங்கள் பிறந்தநாளை எடுத்துக்கொள்வது நல்லது. ஆர்வம் தானாக நிலைத்து நிற்கும். ஒரு நாளுக்கு இரண்டு அல்லது மூன்று நிகழ்வுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, ஊர், செயல் மூன்றும் வேண்டும்: யார், எங்கே, என்ன செய்தார் என்பது ஒரு முழு வாக்கியமாக வர வேண்டும். 'ரஹ்மான், 1992' என்பது குறிப்பு ஆகாது. ஒரே செய்தியை ஐந்து இணையதளங்கள் சொல்வது ஐந்து சான்றுகள் ஆகிவிடாது, நான்கு தளங்கள் ஐந்தாவதைப் பார்த்து எழுதியிருக்கக்கூடும். அன்றைய நாளிதழ், இசைத்தட்டின் மேலுறை, நிகழ்ச்சியின் அழைப்பிதழ் ஆகியவை கிடைத்தால் அவற்றுக்கு முதலிடம் கொடுக்கலாம். உறுதியில்லாத நாளை எழுதுவதைவிட, உறுதியான மாதத்தை எழுதுவது நேர்மையானது. கிராமபோன் நிறுவனத்தார் 1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்ததை நாங்கள் 'நவம்பர்' என்று மட்டுமே எழுதுகிறோம்.

சென்ற ஆகஸ்டில் உட்ஸ்டாக்கைப் பற்றி எழுதிய மாணவன், பலகையின் முன் சுண்ணக்கட்டியோடு நின்று நெடுநேரம் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி, "சார், ஹேவன்ஸ் பாடத் தொடங்கியபோது அங்கே மாலை 5 மணி 7 நிமிடம் என்றால், கோடைக்கால நேரப்படி ஒன்பதரை மணி நேரம் கூட்டினால் நமக்கு அதிகாலை 2 மணி 37 நிமிடம். அப்படியென்றால் இங்கே தேதி 16 அல்லவா?" என்று கேட்டான். கணக்கைச் சரிபார்த்தேன். சரியாகவே இருந்தது. நிகழ்ந்த இடத்தின் தேதியைத்தான் எழுத வேண்டும் என்பது பொது வழக்கம் என்று விளக்கினேன். அவனும் ஒப்புக்கொண்டு 15-ஆம் தேதிப் பலகையிலேயே எழுதினான். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது, 16-ஆம் தேதிப் பலகையில், 1977-இல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி மறைந்த செய்திக்கும் 2018-இல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் மறைந்த செய்திக்கும் கீழே, சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'இந்திய நேரப்படி உட்ஸ்டாக் தொடங்கியது இன்று அதிகாலையில்.' அதை நான் அழிக்கவில்லை.